1/72 ரெசினில் மாருத்: வடிவம் கிட்டில், பொருத்தம் உங்கள் கையில்

மாருத் போர் விமானத்தின் 1/72 அளவு ரெசின் மாதிரி கிட் இது. வாங்கலாமா வேண்டாமா என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு மூன்று ரெசின் கிட்டுகளை முழுதாக முடித்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். இதுவரை பிளாஸ்டிக் கிட் மட்டுமே கட்டியவர்களுக்கு இது முதல் ரெசின் கிட்டாக இருக்கக் கூடாது. பொருத்தம் மோசம், சக்கரக் கால்கள் உதவாது, காக்பிட் ஒப்புக்கு இருக்கிறது. ஆனால் உடலின் வடிவத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். மாருத் விஷயத்தில் அதுதான் பெரிது. கால்களைப் பித்தளையில் செய்துகொள்ளலாம், இருக்கையை வேறு இடத்தில் வாங்கலாம். தவறான உடலை எந்தக் கைவேலையாலும் திருத்த முடியாது.

எச்.எஃப்-24 மாருத், பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (ஹெச்.ஏ.எல்.) கட்டிய போர் விமானம். ஃபோக்க-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்த குர்ட் டாங்க் தலைமையில் உருவானது. முதல் பறப்பு 17 ஜூன் 1961. இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்களையும் சேர்த்து மொத்தம் 147. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் பறந்தது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றுத் தடையைக் குறைப்பதற்காக, இறக்கை சேரும் இடத்தில் உடலை இடுப்புபோல ஒடுக்கியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் அந்த ஒடுக்கம் மெதுவாகத் தொடங்கி, இரண்டு எஞ்சின்கள் இருக்கும் பின்பகுதியில் மீண்டும் விரியும். இந்தக் கிட்டை மேலிருந்து எடுத்த நிழற்படங்களோடு வைத்துப் பார்த்தபோது அந்தக் கோடு தப்பவில்லை.

பெட்டியில் இருப்பவை: வெளிர்மஞ்சள் ரெசினில் 47 துண்டுகள், வெற்றிட முறையில் அழுத்திய இரண்டு கேனப்பிகள், அதாவது காக்பிட்டின் ஒளிபுகும் மூடிகள் (ஒன்று உபரி), சின்னங்களும் எண்களும் அச்சிட்ட ஒரு டீக்கல் தாள், துண்டுகளைப் பிரித்துக் காட்டும், ஒரே பக்கத்தில் அச்சான வெடிப்புப் படம். உலோகப் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. வெளிநாட்டுச் சிறு பட்டறையின் வார்ப்பு இது. இத்தகைய பட்டறைகள் சிலிக்கோன் அச்சில் பாலியூரித்தேன் ரெசினைக் கையால் ஊற்றி எடுப்பவை. ஒரு அச்சு சில பத்து வார்ப்புகள்தான் தாங்கும். பிறகு ஓரங்கள் கிழியும், நுணுக்கம் மழுங்கும். ஆகவே உங்கள் கைக்கு வரும் பெட்டி இங்கே எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் நன்றாகவோ மோசமாகவோ இருக்கலாம். வந்த அன்றே துண்டுகளை எண்ணிப் படம் எடுத்து வையுங்கள். குறைந்தால் கேட்டு வாங்க அதுதான் ஆதாரம்.

அளவு பார்ப்பது அடுத்த வேலை. உண்மை விமானத்தின் இறக்கை விரிவு 9 மீட்டர், நீளம் 15.87 மீட்டர், உயரம் 3.6 மீட்டர். 72-ஆல் வகுத்தால் முறையே 125, 220.4, 50 மில்லிமீட்டர். இறக்கைகளை உடலோடு டேப் ஒட்டி வைத்து வெர்னியரில் அளந்தபோது 124 மி.மீ. வந்தது. ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். ஒரு மில்லிமீட்டர் குறைவு கண்ணுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். விட முடியாதது உடலின் இரண்டு பாதிகளுக்கு இடையிலான வித்தியாசம். இடது பாதி வலது பாதியைவிட 0.6 மி.மீ. நீளம். வேறு வேறு நாளில் ஊற்றிய வார்ப்புகளில் இப்படித்தான் வரும். இதைச் சமாளிக்க ஒரே வழிதான் உண்டு. காக்பிட் விளிம்பும் இறக்கை வேரும் நேராக வருமாறு வைத்து ஒட்டுங்கள், மிச்ச வித்தியாசத்தை மூக்கு நுனிக்கும் வாலுக்கும் தள்ளி அங்கே தேய்த்து எடுங்கள். மூக்கிலிருந்து ஒட்டத் தொடங்கினால் காற்று நுழைவாய்கள் இரண்டும் முன்னும் பின்னுமாக நிற்கும். முன்னாலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

கத்தி வைக்குமுன் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எளிதாகப் பிரிய ஒரு வழுக்குப் பூச்சு தடவியிருப்பார்கள். அது இருக்கும்வரை பசையும் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, பழைய பல் துலக்கியால் கோடுகளுக்குள் புகுந்து தேய்த்து, ஒருநாள் காயவிடுங்கள். ஒட்டும் முகங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மறுபடி ஒருமுறை துடைப்பது நல்லது.

ஊற்றுக்கட்டைகளை, அதாவது வார்ப்பின்போது துண்டுகளோடு ஒட்டி நிற்கும் உபரி ரெசினை, அறுப்பதில் பொறுமை வேண்டும். இந்தக் கிட்டில் இறக்கைகளின் கட்டை வேர்ப்பக்கம் முழு நீளத்துக்கும் ஒட்டியிருக்கிறது. கட்டை எங்கே முடிகிறது, இறக்கை எங்கே தொடங்குகிறது என்பது சரியாகத் தெரியாது. மெல்லிய ரேஸர் ரம்பத்தால் ஒரு மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மிச்சத்தைக் கண்ணாடித் தட்டின் மேல் விரித்த 320 உப்புத்தாளில் ஈரமாகத் தேய்த்து எடுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதி. உலர்வாக அறுக்கவே கூடாது, ஈரமாகத் தேய்த்தாலும் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். ஊதித் தள்ளினால் தூள் அறை முழுக்கப் பரவும்.

வலது இறக்கை நுனியை நோக்கிக் கொஞ்சம் மேலே வளைந்து வந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை. கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, கண்ணாடித் தட்டில் அழுத்திப் பிடித்து, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் நேராகி நின்றுவிடும். ஒரே தடவையில் முழுக்க நிமிர்த்த முயலாமல் இரண்டு மூன்று தடவையாகச் செய்யுங்கள்.

இறக்கையின் பின்விளிம்புதான் இந்தக் கிட்டில் அதிக நேரம் விழுங்கும் இடம். வார்ப்பில் 0.7 மி.மீ. கனம். உண்மை அளவில் அது 5 சென்டிமீட்டர் தடிமனான பின்விளிம்பு. 0.3-க்குக் கொண்டுவந்தால்தான் ஜெட் விமான இறக்கை மாதிரி இருக்கும். அடிப்பக்கத்திலிருந்து மட்டும் தேயுங்கள். மேல்பக்கத்துப் பேனல் கோடுகள் நன்றாக விழுந்திருக்கின்றன, அவற்றை இழக்க வேண்டாம். தேய்க்கும்போதுதான் அடுத்த குறை வெளிப்படும்: விளிம்பு நெடுக, தோலுக்கு அடியில், ஊசிமுனை அளவுக் காற்றுக் குமிழிகள். அழுத்தப் பாத்திரத்தில் வைக்காமல் ஊற்றிய ரெசினில், மெல்லிய இடங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். மேலே தெரிகிற குழிகளை மட்டும் அடைத்துவிட்டுப் போனால், மூடியிருந்த குமிழிகள் பெயிண்ட் அடித்த பிறகு உள்வாங்கும். அதனால் விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே இறக்கையைப் பிடித்து, வெளிறிய புள்ளியாகத் தெரியும் ஒவ்வொன்றையும் 0.4 மி.மீ. துளைப்பானால் திறந்துவிட்டு அடையுங்கள்.

அடைக்கச் சூப்பர் க்ளூவும் டால்கம் பவுடரும் ஏறக்குறைய சம அளவில் குழைத்த கூழ் போதும். ஒன்றை மறக்கக் கூடாது. அது இறுகிய அரைமணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். ஒரு இரவு விட்டால் க்ளூ சுற்றியுள்ள ரெசினைவிடக் கடினமாகிவிடும். பிறகு உப்புத்தாள் ரெசினைத்தான் தின்னும், க்ளூ மேடாக நிற்கும். பவுடர் சேர்ப்பது அந்தக் கடினத்தைக் குறைக்கத்தான். மிகச் சிறிய குழிகளுக்கு மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற அடிப்பூச்சைத் தூரிகையால் வைத்தாலே போதும்.

பிளாஸ்டிக் கிட் கட்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டாமியா பச்சை மூடி சிமென்ட் போன்ற பிளாஸ்டிக் பசைகள் பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுபவை. அவை ரெசினைக் கரைக்காது, ஒட்டவும் ஒட்டாது. இங்கே சூப்பர் க்ளூவும் எபாக்ஸியும்தான். இரண்டுக்கும் இடம் வேறு: பொருத்தம் பார்த்து உடனே நிறுத்த வேண்டிய சின்னத் துண்டுகளுக்குச் சூப்பர் க்ளூ, சுமை தாங்க வேண்டிய மூட்டுகளுக்கு ஐந்து நிமிட எபாக்ஸி.

அப்படிச் சுமை தாங்கும் மூட்டு இறக்கை வேர். கிட்டில் அங்கே ஆணியும் இல்லை, குழியும் இல்லை. தட்டையான முகமும் தட்டையான முகமும் சேரும் வெறும் மோதல் மூட்டு. திட ரெசின் இறக்கையின் கனத்துக்குச் சூப்பர் க்ளூ மட்டும் போட்டால் ஒரு சின்ன இடியில் பட்டென்று விட்டுவிடும். ஒவ்வொரு இறக்கைக்கும் 1 மி.மீ. பித்தளைக் கம்பி இரண்டு வையுங்கள். இறக்கைக்குள் 8 மி.மீ., உடலுக்குள் 6 மி.மீ. துளைகளை நேருக்கு நேர் கொண்டுவர, இறக்கைப் பக்கம் மட்டும் முதலில் துளைத்துக் கம்பியை அரை மில்லிமீட்டர் வெளியே நீட்டி வையுங்கள். கம்பி நுனியில் கொஞ்சம் பெயிண்ட் தொட்டு உடலில் அழுத்தினால் துளைக்க வேண்டிய புள்ளி பதிந்துவிடும். எபாக்ஸி இறுகும் ஐந்து நிமிடத்தில் மூக்கு நுனியிலிருந்து இரண்டு இறக்கை நுனிகளுக்கும் நூல் பிடித்து அளந்து சமமாக்குங்கள். முன்னாலிருந்து பார்த்துச் சாய்வையும் சரிபாருங்கள். மூட்டில் இடைவெளி இடது பக்கம் அரை மில்லிமீட்டர் இருந்தது. அதை முழுக்கப் புட்டியால் நிரப்பாமல் 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டைச் சொருகி, மிச்சத்துக்கு மட்டும் புட்டி போடுங்கள். தடிமனான புட்டி காய்ந்த பிறகு சுருங்கிக் கோடு காட்டும்.

இறக்கைக்கு முன்னால் முடிக்க வேண்டியது காக்பிட். கொடுத்திருக்கும் காக்பிட் தொட்டி உடலுக்குள் இறங்கவே இறங்காது. உடற்சுவர் அவ்வளவு கனம். தொட்டியை ஒடுக்குவதைவிட உடலின் உள்சுவரைச் சுரண்டுவதே சரி, ஏனென்றால் தொட்டியைத் தேய்த்தால் அதன் பக்கப் பலகைகளில் இருக்கும் கொஞ்சநஞ்ச விவரமும் போய்விடும். உள்ளே விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலியும்வரை உருண்டை முனைக் கட்டரால் மெதுவாக எடுங்கள், அதற்குமேல் போனால் ஓட்டை விழும். இருக்கை, விமானியை வெளியே எறியும் மார்ட்டின்-பேக்கர் இருக்கை மாதிரியே இல்லை, சாய்வு நாற்காலி மாதிரி இருக்கிறது. தனியாக விற்கும் நான்காம் வகை மார்ட்டின்-பேக்கர் ரெசின் இருக்கையை வாங்கிப் போடுவது நல்லது. இருக்கைப் பட்டைகளுக்கு மருந்துத் தகடுகளின் பின்பக்கத்து அலுமினியத் தாள் போதும். ஒரு மி.மீ. அகலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கீறிக்கொள்ளுங்கள்.

உடலை மூடுமுன் மூக்கில் எடை வைக்க வேண்டும். வால் பகுதி திட வார்ப்பு, முன்பகுதி பொள்ளல். அப்படியே விட்டால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்து, பிரதான சக்கரங்கள் வரும் இடத்துக்கு அடியில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, மூக்கின் மேல் ஈயத்தை ஏற்றிக்கொண்டே போனதில் 12 கிராமில் மூக்கு இறங்கியது. புட்டியும் பெயிண்டும் சேரும் என்பதால் 15 கிராம் வைப்பது பத்திரம். தூண்டில் ஈயக் குண்டுகளை நசுக்கி எபாக்ஸியில் பதித்தால் காக்பிட்டுக்கு முன்னும் மூக்குச் சக்கரக் குழிக்கு மேலும் அடங்கிவிடும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இந்த எடை அடுத்த சிக்கலைக் கொண்டுவருகிறது. கால்கள். கிட்டின் ரெசின் கால்கள் பார்வைக்கு அழகாகவே வார்க்கப்பட்டிருக்கின்றன. ஆனால் திட இறக்கை, ஈயம் எல்லாவற்றையும் ஒரு மில்லிமீட்டர் ரெசின் தண்டு தாங்காது. உடனே உடையாது. சூடு ஏற ஏற மெல்ல வளையும். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் சித்திரை வெயிலில் மூடிய கண்ணாடி அலமாரிக்குள் வைத்தால் விமானம் கால் அகட்டி உட்கார்ந்துவிடும். கிட்டின் கால்களை அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, 1.2 மி.மீ. பித்தளைக் கம்பியில் தண்டையும், அதற்குமேல் மெல்லிய பித்தளைக் குழாயில் உறையையும் செய்யுங்கள். வெளியே தெரியும் கம்பிப் பகுதியை மெருகேற்றிவிட்டால் அதிர்வு தாங்கியின் பளபளப்பும் கிடைத்துவிடும். கிட்டிலிருந்து சக்கரங்களையும் கதவுகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நுழைவாய்களில் பாதிக் கூம்புகள் நுனி மழுங்கி வந்திருக்கின்றன. தட்டையான உப்புத்தாள் குச்சியால் நாலு தேய்ப்பு போதும். உள்ளே ஒரு சென்டிமீட்டரில் சுவர் வந்துவிடும். அங்கே கறுப்பு அடித்துவிட்டால் ஆழம் இருப்பதுபோல இருக்கும். வாய் விளிம்புகளை மட்டும் கத்தியால் மெலிதாக்க மறக்காதீர்கள்.

பின்னால் இருக்கும் புகைபோக்கிகளில் இருப்பது உருவாக்கியவரின் தவறு. வாயைச் சுற்றி இதழ்கள் மாதிரிக் கோடு கீறியிருக்கிறார்கள். இதழ் வாய், வெளியேறும் வாயுவில் மீண்டும் எரிபொருளை எரித்து உந்துதலைக் கூட்டும் மறுஎரிப்பு உள்ள எஞ்சினுக்குத்தான் வரும். மாருத்துக்காக நினைத்திருந்த வலுவான எஞ்சின் கிடைக்காமல் போனதால், படையில் சேர்ந்த விமானங்கள் எல்லாம் மறுஎரிப்பு இல்லாத ஆர்ஃபியஸ் 703 எஞ்சின் இரண்டோடுதான் பறந்தன. ஒலியின் இரு மடங்கு வேகத்துக்கென்று தொடங்கிய விமானம் அதை எட்டாமல் போனதும் அதனால்தான். ஆக, இந்த இதழ்களை விட்டுவைத்தால் அந்த விமானத்தின் கதையையே மாற்றிச் சொன்னதாக ஆகும். கோடுகளை அடைத்து வழவழப்பாக்குங்கள். அல்லது வாயை வெட்டிவிட்டுச் சரியான விட்டத்தில் அலுமினியக் குழாயைச் செருகுங்கள். இரண்டாவது வழியில் விளிம்பும் மெலிதாக வரும்.

மூக்கின் பக்கங்களில் நாலு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள். 30 மி.மீ. இந்த அளவில் 0.42. வார்ப்பில் அவை வெறும் பள்ளங்கள். 0.5 மி.மீ. துளைப்பானால் துளைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 25 ஜி (கேஜ்) ஊசியைச் செருகினால் கச்சிதமாக உட்காரும், அதன் வெளி விட்டம் 0.51. துளை இறுக்கமாகத் தோன்றினால் ஒரு சுற்றுச் சுற்றிப் பெரிதாக்குங்கள், ஊசியைத் தட்டி இறக்க வேண்டாம், ரெசின் விரிசல் விடும். ஊசியை வெட்டக் குறடு போட்டால் வாய் நசுங்கிவிடும். சுழல் கருவியின் வெட்டுச் சக்கரத்தால் வெட்டுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். மூக்கு நுனியில் காற்று வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்க்கும் இதே வைத்தியம்: 23 ஜி ஊசிக்குள் 30 ஜி ஊசி சரியாக நுழையும். அடி தடித்து நுனி மெலிந்த குழாய் கிடைத்துவிடும்.

வயிற்றில் இருக்கும் மாட்ரா ராக்கெட் பெட்டி 50 ராக்கெட் கொண்டது, சுடும்போது மட்டும் கீழே இறங்கும். தரையில் நிற்கும் விமானத்தில் அது மூடியே இருக்கும். கிட்டில் இறங்கிய பெட்டியும் தந்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு மூடியின் கோட்டை மட்டும் கீறினால் போதும்.

கேனப்பியை வெட்டப் புதிய 11-ஆம் எண் கத்தி வேண்டும். உட்புறம் ஒட்டு மெழுகு நிரப்பிக்கொண்டு, கோட்டின் மேல் பத்துப் பதினைந்து தடவை லேசாகக் கீறிப் பிரியுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் கிழியும். சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால் கேனப்பி வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் வெள்ளை ஃபெவிகால்தான் பாதுகாப்பு. காக்பிட்டுக்குள் போட்ட க்ளூ முழுக்கக் காய ஒருநாள் விட்ட பிறகே மூடுங்கள்.

பெயிண்டுக்கு வருவோம். அக்ரிலிக்கை நேரடியாக ரெசின்மேல் அடித்தால் மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும். மிஸ்டர் சர்ஃபேசர் 1000 அல்லது 1500, லெவலிங் தின்னரில் ஒன்றுக்கு ஒன்றரை கலந்து ஸ்ப்ரே செய்து, ஒருநாள் விட்டு, விட்டுப்போன குழிகளைத் தேடுங்கள். நிச்சயம் இருக்கும். மூன்று சுற்று அடைப்பும் தேய்ப்பும் ஆனது இதில். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் லேக்கர் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் படிந்து மேற்பரப்பு வெளிறும். அடித்தே ஆக வேண்டுமென்றால் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சேர்த்த தின்னர் பயன்படுத்துங்கள்.

வெள்ளி நிறத்தில் முடிப்பது அழகு. ஆனால் தேய்ப்பில் விட்ட ஒவ்வொரு கீறலையும் வெள்ளி காட்டிக்கொடுக்கும். கடைசிச் சர்ஃபேசரை 2000 உப்புத்தாளில் ஈரமாகத் தேய்த்துவிட்டு டாமியா எல்பி-11 வெள்ளியை மெல்லிய பூச்சாக மூன்று முறை அடியுங்கள். புகைபோக்கிப் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் பழுப்பு கலந்து மாறுபடுத்தினால் போதும். உறுதி செய்துகொள்ள ஒரு நடை பெங்களூர் போய் ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலோ விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலோ நிற்கும் மாருத்தைச் சுற்றிப் படமெடுத்து வாருங்கள். ஜெர்மனியில் மியூனிக் அருகே ஷ்லைஸ்ஹைமிலும் ஒன்று நிற்கிறது. சக்கரக் குழி, கால், கதவின் உட்புறம் இவற்றை அங்கே நம்பலாம். நிறத்தை நம்ப வேண்டாம், காட்சிக்கு வைத்த விமானங்களுக்குப் பலமுறை மறுபூச்சு நடந்திருக்கும்.

டீக்கல் தாளில் வட்டச் சின்னத்தின் காவி சிவப்பை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பச்சை நடுவட்டமும் மையத்தில் இல்லை. இந்திய விமானப்படைச் சின்னங்கள் தனித் தாளாகவும் கிடைக்கின்றன, அதை வாங்குங்கள். கிட்டின் தாளில் எண்களும் எச்சரிக்கை எழுத்துகளும் நன்றாக இருக்கின்றன, ஆனால் முழுத் தாளுக்கும் ஒரே படலம். ஒவ்வொன்றையும் விளிம்பொட்டி வெட்டிக்கொண்டு, வேண்டாத ஒன்றைத் தண்ணீரில் போட்டுச் சோதித்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். சோதித்த துண்டு தண்ணீரில் சிதறினால், மிச்சத் தாளின்மேல் பளபளப்பான கிளியர் லேக்கர் ஒரு பூச்சு அடித்துக் காயவைத்து வெட்டுங்கள்.

பிட்டோ ஊசியை எல்லாம் முடிந்து, கடைசி மாட் பூச்சும் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். அதற்குமுன் ஒட்டினால் ஒருமுறையாவது சட்டைக் கையில் சிக்கி மூக்கோடு பெயர்ந்து வரும்.